பயம் போதாத பெண்

முதலில், அன்று அந்த அறையில் யார் யார் இருந்தார்கள் என்பதை எழுதிவிடுகிறேன். மாணவர் பேச்சுத் துணிவு வாரியத்தின் இயக்குநர் இருந்தார். அவருக்கு வலப்பக்கம் பய அளவையாளர். இடப்பக்கம் எழுத்தர் அம்மாள். சுவரோரப் பெஞ்சில் அவையோர் என்ற பதவியில் மூன்று பேர். அவர்களில் நடுவில் இருந்தவருக்குத்தான் பிறகு நாங்கள் இருமல்காரர் என்று பெயர் வைத்தோம். குடும்பத்தின் சார்பில் என் தம்பி, தம்பி மனைவி, நான். மேடை என்று சொல்லப்பட்ட அரையடி உயரப் பலகைமேல் தம்பி மகள். மொத்தம் பத்துப் பேர். பிற்பாடு நான் விளக்கம் கேட்டு எழுதியபோது, இவர்களில் ஆறு பேர் அன்று தாங்கள் விடுப்பில் இருந்ததாகப் பதில் வந்தது. ஆகவேதான் இதை முதலிலேயே எழுதிவைக்கிறேன்.

எங்கள் குடும்பத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். என் அப்பா மரக்கிடங்கில் ஏலம் விடுபவர். அவர் "மூன்றாம் தரம்" என்று முடித்தால், அடுத்த தெருவில் வேறு எதற்கோ பேரம் பேசிக்கொண்டிருந்தவர்களும் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். நான் ரயில் நிலையத்தில் முப்பத்தொரு வருடம் அறிவிப்பாளராக இருந்தேன். ஒலிபெருக்கி பழுதான நாட்களில் அது பழுதானது யாருக்கும் தெரியவில்லை. தம்பி மட்டும் கொஞ்சம் விலக்கு. அவன் தையல்காரன், வாயில் எப்போதும் நாலு குண்டூசி இருக்கும். பேச வேண்டுமென்றால் முதலில் அவற்றை எடுத்து வைக்க வேண்டும். பெரும்பாலும் அதற்கு அவனுக்குச் சோம்பலாக இருக்கும். அவனுக்கும் சேர்த்து அவன் மகள் பேசினாள்.

அவளை ஒன்பது வயதிலிருந்து நாங்கள் வக்கீல் என்றுதான் கூப்பிட்டோம். பதினான்கு வயதில், எங்கள் தெருவுக்கு வரவேண்டிய தண்ணீர் பக்கத்துத் தெருவுக்குப் போகிறதென்று நீர்வழங்கல் அலுவலகத்துக்குத் தனியாகப் போய், மூன்று மேசை மாறி மாறிப் பேசிவிட்டு வந்தாள். மறுநாள் குழாயில் தண்ணீர் வந்தது. அவளிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் எங்கள் தெருவில் குறைவு. சட்டக் கல்லூரியில் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. எங்கள் எல்லாருக்கும் அதே ஆசைதான்; வீட்டில் அவளிடம் தோற்றுத் தோற்று அலுத்துப்போய், வெளியே யாராவது தோற்கட்டும் என்று காத்திருந்தோம்.

வாரியம் பல வருடமாக இருந்தாலும், அந்த வருடம்தான் புதிதாக ஒரு விதி வந்திருந்தது. பள்ளி முடித்துக் கல்லூரிக்குப் போகிற ஒவ்வொரு மாணவரும் பேச்சுத் துணிவு வாரியத்தின் சான்று கொண்டுவர வேண்டும். மாணவர்கள் அவையச்சம் நீங்கி, நாலு பேர் முன்னால் நிமிர்ந்து நின்று பேசக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே வாரியத்தின் நோக்கம். நல்ல நோக்கம். சுற்றறிக்கையைப் படித்தபோது நானே அப்படித்தான் சொன்னேன்.

"இதெல்லாம் நம்ம வக்கீலுக்கு ஒரு காலை நேர வேலை" என்றேன். தம்பி ஊசிகளோடு தலையசைத்தான்.

வாரியத்தின் அலுவலகம் மூன்றாம் மாடியில் இருந்தது. நடைவழிச் சுவரில் "பேசு, உலகம் கேட்கட்டும்" என்று ஒரு பலகை. அதற்குக் கீழே அதே அளவில், "இங்கே பேசாதீர்கள், அளவை நடக்கிறது" என்று இன்னொன்று. நாங்கள் இரண்டாவதை மதித்து உட்கார்ந்திருந்தோம்.

உள்ளே கூப்பிட்டதும் அளவையாளர் பெண்ணின் இரண்டு உள்ளங்கையிலும் மை ஒற்றும் தாள் ஒவ்வொன்று வைத்து, விரல்களை மடக்கச் சொன்னார். பேசி முடிக்கும்வரை திறக்கக் கூடாது. பேசுபவர் பயந்தால் கை வியர்க்கும், தாள் நனையும், நனைந்த தாளை நகைக்கடைத் தராசு போன்ற ஒன்றில் நிறுத்து, எடையைப் பயமாக மாற்றுவார்கள். பயத்துக்கு நூறு வரை அளவு உண்டு. இதைத் தவிர, நாடி எத்தனை, இடையில் "வந்து" எத்தனை, "அதாவது" எத்தனை என்று எழுத்தர் அம்மாள் கோடு போட்டுக்கொண்டே இருந்தார். அவர் வாய் திறந்து நான் பார்க்கவில்லை. எதுவானாலும் சின்னச் சீட்டில் எழுதி இயக்குநர் பக்கம் தள்ளினார்.

"காலந்தவறாமை" என்று தலைப்புக் கொடுத்தார்கள். அவள் இரண்டு கையையும் பொத்திக்கொண்டு நான்கு நிமிடம் பேசினாள். முக்கால் மணி நேரம் தாமதமாக எங்களை உள்ளே கூப்பிட்டதிலிருந்து ஆரம்பித்து, காத்திருப்பவனின் நேரத்துக்கு முள் இல்லாத கடிகாரம் என்று ஒன்று உண்டு என்று எங்கேயோ கொண்டுபோய், கடைசியில் அவையோர் மூன்று பேரையும் சிரிக்க வைத்து இறங்கினாள். எனக்கு மார்பு நிமிர்ந்தது. தம்பி மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அளவையாளர் தாள்களைத் தராசில் வைத்தார். எடுத்தார். தராசை ஊதிவிட்டு மறுபடி வைத்தார்.

"காய்ஞ்சு கிடக்கு சார். கொடுத்தப்ப இருந்ததைவிடக் காய்ஞ்சிருக்கு."

"மத்ததெல்லாம்?" என்றார் இயக்குநர்.

எழுத்தர் அம்மாள் ஒரு வெற்றுச் சீட்டைத் தள்ளினார்.

இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, எங்களை இரக்கத்தோடு பார்த்தார். மருத்துவர்கள் கெட்ட சேதி சொல்வதற்கு முன் அப்படிப் பார்ப்பார்கள்.

"பூஜ்யம்" என்றார். "ரொம்பச் சிக்கலான கேஸ் ஐயா."

"பயமே இல்லைன்னுதானே அர்த்தம்? சான்று எப்ப வாங்கிக்கலாம்?"

"உக்காருங்க. நான் சொல்றேன். எங்க வாரியம் துணிவை அளக்கறதில்லை. துணிவை யார் வேணும்னாலும் வெச்சிருக்கலாம், அதுல எங்க பங்கு என்ன? நாங்க அளக்கறது முன்னேற்றம். பயிற்சிக்கு முன்னாடி இருக்கிற பயத்துலேர்ந்து, பயிற்சிக்குப் பின்னாடி இருக்கிற பயத்தைக் கழிப்போம். வர்ற எண் முப்பதுக்கு மேல இருந்தா தேர்ச்சி. உங்க பொண்ணு பூஜ்யத்தைக் கொண்டுவந்து நிக்கறா. நான் எதுலேர்ந்து எதைக் கழிக்கறது, நீங்களே சொல்லுங்க."

"எனக்குத்தான் பேச வருதே சார்" என்றாள் பெண்.

"அதுதாம்மா பிரச்சினை."

"அப்ப நல்லா பேசறவங்க யாருமே பாஸ் பண்ண முடியாதா?"

"நல்லா பேசறவங்க விவரமா இருப்பாங்கம்மா. முதல் அளவைக்கு வர்றப்ப நல்லா தடுமாறிட்டு வருவாங்க. நீங்கதான் எந்தத் தயாரிப்பும் இல்லாம வந்துட்டீங்க."

"சரி சார். நாளைக்கு வந்து தடுமாறறேன்."

இயக்குநரின் முகம் மாறிவிட்டது. அவர் நேர்மையான மனிதர் என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

"என் முன்னாடி சொல்லிட்டியேம்மா. இனிமே அது நடிப்பு. நடிப்புக்கு இந்த வாரியத்துல இடமில்லை. உனக்கு உண்மையான பயம் வரணும். வந்தாத்தான் போக்க முடியும்."

இதற்கு இரண்டே வழி உண்டென்று அவர் விளக்கினார். முதல் வழி, பரம்பரைத் தயக்க உறுதிமொழி. குடும்பத்தின் மூத்தவர் ஒருவர், எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக அவையச்சம் உண்டு என்று எழுதிக் கொடுத்தால், பெண்ணின் இரத்தத்தில் பயம் மறைந்திருப்பதாகக் கொண்டு, தொடக்க அளவில் நாற்பது சேர்ப்பார்கள். இரண்டாவது, முன்தயக்கப் பயிற்சி. ஆறு வாரம்.

"பயப்படறதுக்குப் பயிற்சியா?" என்று தம்பி மனைவி கேட்டாள்.

"துணிவுப் பயிற்சியோட முதல் பாகம் அம்மா" என்றார் அளவையாளர். "அடித்தளம்."

குடும்பத்தின் மூத்தவன் நான். அந்தப் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து இரண்டு நாள் தொடவில்லை. "கீழே கையொப்பமிடும் நானும், என் தந்தையும், அவர் தந்தையும் பலர் முன்னால் பேச நேரும்போது நாக்குழறும் இயல்புடையவர்கள்" என்று அச்சடித்திருந்தார்கள். அப்பாவைப் பற்றி இப்படி ஒரு வாக்கியத்தை அச்சில் பார்ப்பேன் என்று நான் நினைத்ததில்லை.

மூன்றாம் நாள் தம்பி மனைவி வந்து எதிரே உட்கார்ந்தாள். என்னை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

"மாமா, உங்க கௌரவத்தை யாரும் தூக்கிட்டுப் போகப்போறதில்லை. ஒரு கையெழுத்து. காலேஜ் கடைசித் தேதிக்கு மூணே மாசம் இருக்கு."

"அப்பா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாருன்னு யோசிக்கிறேன்."

"அவரே போட்டிருப்பாரு. பேத்திக்குன்னா ரெண்டு தடவை போட்டிருப்பாரு."

தம்பி வாயிலிருந்து ஊசிகளை எடுத்தான். அவனைப் பொறுத்தவரை அது ஒரு சொற்பொழிவுக்குச் சமம். "அண்ணே, நான் வேணா போடட்டுமா?"

"மூத்தவன் நான் இருக்கப்ப நீ எதுக்குடா போடறே?" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். மூன்று பிரதி.

அடுத்த வாரம் நானும் பெண்ணும் கொண்டுபோய்க் கொடுத்தோம். இயக்குநர் படிவத்தை வாங்கிக்கொண்டார். பிறகு, விதிப்படி உறுதிமொழி அளிப்பவர் அதை அவையோர் முன் ஒருமுறை வாய்விட்டு வாசிக்க வேண்டும் என்றார். வெறும் சம்பிரதாயம்தான், பெரியவர்கள் வாசிக்கும்போது தானாகவே கொஞ்சம் தடுமாறிவிடுவார்கள், அது போதும் என்றார்.

பெண் என் காதருகே குனிந்து, "பெரியப்பா, ஒரு இடத்துல தடுக்கி விழுந்துடுங்க. ஒரே ஒரு இடம்" என்றாள்.

நான் பலகைமேல் ஏறினேன். கையில் தாள். எதிரே மூன்று பேர். முப்பத்தொரு வருடம் என் உடம்பு செய்த வேலையை அது தானே எடுத்துக்கொண்டது. தோள் நேரானது. மூச்சு அடிவயிற்றில் இறங்கியது. "பயணிகளின் கவனத்துக்கு" என்று சொல்லாததுதான் குறை. எனக்கும் என் தந்தைக்கும் அவர் தந்தைக்கும் நாக்குழறும் இயல்பு உண்டு என்று, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நிற்கும்படி அறிவித்தேன். மூன்று மாடி கீழே பேருந்துக்காக நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்ததாக அளவையாளர் ஜன்னலிலிருந்து சொன்னார்.

"இவ்வளவு தெளிவா ஒருத்தர் தன் பயத்தைச் சொல்லி நான் கேட்டதில்லை" என்றார் இயக்குநர். எழுத்தர் அம்மாள் படிவத்தின்மேல் "ஏற்பதற்கில்லை" என்ற முத்திரையைக் குத்தினார்.

படியிறங்கினோம். பெண் சிரித்துவிட்டு, "பரவாயில்லை பெரியப்பா, உங்களுக்கு வராததை நீங்க எப்படிச் செய்வீங்க" என்றாள். அவள் சொன்னது முழு உண்மையல்ல. "தந்தைக்கும்" என்ற இடத்தில் தடுமாற ஒரு நொடி எனக்குக் கிடைத்தது. அப்பாவின் பெயரில் தடுமாற எனக்கு மனமில்லை. அதனால் அவள் ஆறு வார வகுப்புக்குப் போனாள்.

முன்தயக்கப் பயிற்சியின் ஆசிரியர்கள் வேறு யாருமல்ல, அந்தப் பெஞ்சில் இருந்த அவையோர் மூவர்தான். மூவரும் அரசாங்கத் தேர்வு எழுதி அந்தப் பதவிக்கு வந்தவர்கள். முதல் வாரம் அவள் பேச ஆரம்பித்ததும் மூவரும் ஒரே சமயத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். அவள், "மணி பதினொண்ணே கால் சார்" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தாள். இரண்டாம் வாரம் இருமினார்கள். வீட்டுக்கு வந்து மூன்று இருமலையும் தனித்தனியாக நடித்துக் காட்டினாள்.

"நடுவுல உக்காந்திருக்காரே, அவர் பாவம் பெரியப்பா. சளியே இல்லாம இருமறார். வீட்டுலேயும் பழகிக்கறாராம். அவர் சம்சாரம் ரெண்டு தடவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிட்டாங்களாம். நான் தேன் கொண்டுபோய்க் கொடுக்கலாம்னு இருக்கேன்."

தாள் காய்ந்தே கிடந்தது. "மாணவி ஒத்துழைக்கவில்லை" என்று வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. நாங்கள் அதைப் படித்துச் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் வாரம் இருமலை நிறுத்திவிட்டார்கள். அவள் ஒவ்வொரு வாக்கியம் முடித்ததும் மூவரும் குனிந்து எதையோ எழுதினார்கள். அவ்வளவுதான்.

"என்ன சார் எழுதறீங்க?"

"நீ தொடரும்மா."

"தப்பா ஏதாவது சொல்லிட்டேனா?"

"தொடரும்மா."

அன்று வீட்டுக்கு வந்தவள் யாரையும் நடித்துக் காட்டவில்லை. நான்காம் வாரம் அவள் பேசியதைப் பதிவு செய்து, அவள் முன்னாலேயே மெதுவாக ஓடவிட்டார்கள். பிறகு ஒரு பட்டியல் கொடுத்தார்கள். நான் அதைப் பார்த்தேன். இடது கை பதினேழு முறை அசைகிறது. ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் புருவம் உயர்கிறது. "ஆனால்" என்று சொல்லும்போது தலை சாய்கிறது. எல்லாம் உண்மை. எல்லாம் எங்களுக்குத் தெரிந்தவை. தலை சாய்ந்தால் எதிராளிக்கு முடிந்தது கதை என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

அன்றிரவு சாப்பிடும்போது அவள் தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் அதைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை அளவையாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். குரலில் உண்மையான மகிழ்ச்சி.

"வாழ்த்துகள் ஐயா. பத்தொன்பது. இன்னைக்கு நடுவுல பத்து நொடி நாக்கு ஒட்டிக்கிச்சு. நாங்க எல்லாரும் எழுந்து நின்னுட்டோம்."

ஐந்தாம் வாரம் அவள் கடைக்குப் போய், வேண்டியதை விரலால் சுட்டிக்காட்டி வாங்கி வந்தாள். வீட்டில் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து, பாதியில் எங்கள் முகங்களைப் பார்த்து, "ஒண்ணுமில்லை" என்று விட்டுவிடுவாள். தம்பி அவள் எதிரில் உட்கார்ந்து, வாயிலிருந்து ஊசிகளையெல்லாம் எடுத்துவிட்டு, "சொல்லும்மா, அப்பா கேக்கறேன்" என்பான். அவன் அப்படி ஆவலாகப் பார்ப்பதே அவளுக்குத் தொந்தரவாகிவிட்டது. அவன் மறுபடி ஊசிகளை வாயில் வைத்துக்கொண்டான்.

நான் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வாரியத்துக்குப் போனேன்.

"போதும். நிறுத்துங்க" என்றேன்.

இயக்குநர் எனக்கு நாற்காலி போட்டார். மரியாதைக்குக் குறைவே இல்லை.

"ஐயா, அம்பத்தெட்டு வரைக்கும் வந்திருக்கா. இப்ப நிறுத்தினா உங்க பொண்ணு அம்பத்தெட்டோட வீட்டுக்கு வருவா. வாழ்நாள் முழுக்க. அது எனக்குச் சம்மதம் இல்லை. நாங்க பயத்தை உண்டாக்கறவங்க இல்லை ஐயா. போக்கறவங்க. அதைப் போக்கறதுக்கு முதல்ல முழுசா வெளியே கொண்டு வரணுமா வேண்டாமா?"

"அவகிட்ட அது இல்லையே, நீங்க எங்கேர்ந்து வெளியே கொண்டு வர்றீங்க?"

"இல்லாமலா அம்பத்தெட்டு வந்தது?"

இதற்கு என்ன பதில் என்று இன்றுவரை யோசிக்கிறேன். அன்று எனக்குத் தோன்றவில்லை. ரயில் வராதபோதுகூட ஏன் வரவில்லை என்று ஆயிரம் பேருக்கு விளக்கம் சொன்னவன் நான். அந்த நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

ஆறாம் வார முடிவில் எழுபத்துநான்கு. தாளைப் பிழிந்தால் சொட்டும் என்றார் அளவையாளர். முதல் நாள் அளவை செல்லாததென்று அடித்துவிட்டு, இதையே தொடக்க அளவாகப் பதிவு செய்தார்கள்.

அதன் பிறகு மூன்று வாரம் துணிவுப் பயிற்சி. அதே அறை, அதே பெஞ்ச், அதே மூவர். இப்போது அவர்களுக்குக் கைதட்ட உத்தரவு. பெற்றோர் பார்க்கலாம் என்ற நாளில் நாங்கள் போயிருந்தோம். அவள் பலகைமேல் ஏறி, "வணக்கம்" என்றாள். மூவரும் கைதட்டினார்கள். "நான்" என்றாள். கைதட்டினார்கள். "இன்னைக்கு" என்றாள். இருமல்காரர் எழுந்து நின்று கைதட்டினார். கைதட்டல் முடியட்டும் என்று அவள் காத்திருந்தாள். அவள் பேசட்டும் என்று அவர்கள் காத்திருந்தார்கள். இப்படியே இருபது நிமிடம் போயிற்று. இறங்கி வந்தபோது அவள் கையைப் பிடித்தேன். சில்லென்று, ஈரமாக இருந்தது. முன்பும் இந்தக் கையைப் பிடித்திருக்கிறேன்; அது எப்போதும் சூடாக இருக்கும்.

இறுதி அளவையில் நாற்பத்தொன்று வந்தது. எழுபத்துநான்கில் நாற்பத்தொன்று போனால் முப்பத்துமூன்று. தேர்ச்சி. தேர்ச்சி மட்டுமல்ல, அந்த வருடம் வாரியத்திலேயே அதிக முன்னேற்றம் அவளுடையதுதான்.

"பூஜ்யத்தோட வந்தவ நாப்பத்தொண்ணோட போறா" என்றேன் நான். "இது முன்னேற்றமா சார்?"

"எந்தப் பூஜ்யம்?" என்று இயக்குநர் கோப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினார். "பதிவுல அப்படி எதுவும் இல்லையே. பதிவுப்படி உங்க பொண்ணு எழுபத்துநாலோட உள்ளே வந்தா. முதல் நாள் ஏதாவது நடந்ததா என்ன? அன்னைக்கு நான் விடுப்புல இருந்தேன்."

அளவையாளரைப் பார்த்தேன். அவர் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெஞ்சைப் பார்த்தேன். இருமல்காரர் இருமினார், அது பழக்கத்தில் வந்த இருமல் என்று நினைக்கிறேன். எழுத்தர் அம்மாளைப் பார்த்தேன். அவர் மட்டும் என் கண்ணை நேராகப் பார்த்தார். வாய் ஒருமுறை திறந்தது. பிறகு குனிந்து ஒரு சீட்டை எடுத்தார். எதுவும் எழுதாமல் அதை மடித்துவிட்டார்.

"இவங்களைத் தெரியுமா?" என்றார் இயக்குநர் பெருமையாக. "எங்க முதல் வருஷத்துச் சிறந்த மாணவி. முப்பத்தாறு எடுத்தவங்க. அந்த ரெகார்டை இன்னும் யாரும் தொடலை."

சான்று, கல்லூரியின் கடைசித் தேதிக்கு நான்கு நாள் முன்னால் கைக்கு வந்தது. தங்க நிற ஓரம் போட்ட தடித்த தாள். அன்று மாலை அவள் விண்ணப்பத்தை எடுத்து வைத்து எழுதினாள். அவள் எழுந்து போன பிறகு தம்பி அதை எடுத்துப் படித்தான். என்னிடம் நீட்டினான். விரும்பும் பாடம் என்ற இடத்தில், ஒரு வருடத்துக்கு முன்பே அழகாக எழுதிவைத்திருந்த "சட்டம்" என்பதன்மேல் ஒரு கோடு. பக்கத்தில், "நிலப்படம் வரைதல்".

தம்பி மனைவி உள்ளே போய்க் கேட்டாள். சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்குக் கேட்டது.

"ஏண்டி இப்படி மாத்திட்டே? நீ வாதாடப் போறேன்னுதானே நாங்க எல்லாம் இவ்வளவு பட்டோம்?"

அவள் சொன்னாள்:

"அங்க யாரும் எழுந்து நிக்கச் சொல்ல மாட்டாங்கம்மா."

நான் தலையிட்டிருக்கலாம். வீட்டில் என் சொல்லுக்கு மதிப்பு உண்டு. கோட்டை அழி என்று சொன்னால் அழித்திருப்பாள். அழித்துவிட்டுக் கல்லூரிக்குப் போய், நேர்முகத்தில் நாலு பேர் முன்னால் இடது கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உறையை ஒட்டி நானே தபாலில் போட்டேன்.

கடைசியாக வாரியத்தின் ஆண்டு விழா. பெரிய அரங்கம், எழுநூறு பேர். சிறந்த மாணவியின் குடும்பம் என்று எங்களை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். இயக்குநர் ஐம்பது நிமிடம் பேசினார். இந்த வாரியம் இல்லாவிட்டால் இந்த இளைஞர்கள் என்ன ஆகியிருப்பார்கள் என்று கேட்டார். அதை நானும் யோசித்துப் பார்த்தேன். பிறகு கேடயத்தைக் கொடுத்து, ஏற்புரைக்காக எங்கள் வீட்டுப் பெண்ணை ஒலிவாங்கி முன்னால் நிறுத்தினார்கள்.

அவள் நின்றாள். நான்கு நிமிடம். அரங்கத்தின் மின்விசிறிச் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது. யாரும் இருமவில்லை, இருமல்காரர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். தம்பி பாதி எழுந்து, பிறகு உட்கார்ந்தான். கடைசியில் இயக்குநர் வந்து ஒலிவாங்கியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"கவனிச்சீங்களா?" என்றார் அவையைப் பார்த்து. "ஒரு 'வந்து' இல்லை. ஒரு 'அதாவது' இல்லை. இதுதான் எங்க பயிற்சி."

எழுநூறு பேரும் கைதட்டினார்கள்.

அந்த நான்கு நிமிடத்தைப் பற்றி இப்போது ஊரில் வேறு மாதிரி பேசிக்கொள்கிறார்கள். வாரியத்துக்கு எதிர்ப்புக் காட்டத்தான் அவள் வேண்டுமென்றே வாய் திறக்காமல் நின்றாள் என்கிறார்கள். இயக்குநரின் முகத்தில் அடித்தாற்போல் ஒரு சின்னப் பெண் செய்துவிட்டாள் என்று கல்லூரிப் பிள்ளைகள் எழுதுகிறார்கள். எனக்கு அறிமுகமே இல்லாதவர்கள் தெருவில் நிறுத்திக் கைகுலுக்கி, என்ன துணிச்சல் உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு என்கிறார்கள். எங்கள் குடும்பத்தைப் பற்றி இதைவிட உயர்வாக யாரும் பேசியதில்லை. அதை அப்படியே விட்டுவிடும்படி தம்பிகூடச் சொல்கிறான்.

அந்தச் செய்தி தவறு. நான் முன்வரிசையில் மூன்றாவது நாற்காலியில் இருந்தேன். அவள் பேசத்தான் பார்த்தாள். இரண்டு முறை வாயைத் திறந்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது.